மூச்சை விடுங்க, ஆன்ட்டி

சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இனி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. காலால் ஒரு உந்து, உடனே தண்ணீர் வந்து காதை மூடிக்கொண்டது, அதுவரை கரையில் கேட்ட அத்தனை பெண்களின் சத்தமும் கதவைச் சாத்தியது மாதிரி நின்றுபோனது, நான்தான், உலகம்மாள்தான், ஐம்பத்திரண்டு வயது, கரண்ட் ஆபீஸ் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிற உலகம்மாள், பாளையங்கோட்டை நீச்சல் குளத்தின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குப் போகிறேன், இடுப்பளவுத் தண்ணீரில் தொடங்கி ஆள் மூழ்குகிற ஆழத்துக்கு, நடுவில் நிற்காமல், யாரையும் பிடிக்காமல். ஒரு கை முன்னே போகட்டும், அது தண்ணீரை இழுத்துக்கொண்டு பின்னே வரும்போது முகத்தை வலது பக்கம் திருப்பு, வாயால் மூச்சை எடு, முகத்தை உள்ளே விடு, மூக்கால் குமிழி குமிழியாக வெளியே விடு. ஜெனிஃபர் சொல்லிக்கொடுத்தது இது. உவரிக்காரப் பெண், கடலில் விழுந்து எழுந்து வளர்ந்தவள், என் மகனைவிடச் சின்னவள், ஆனால் காலை வகுப்புக்கு வருகிற நாங்கள் எல்லோரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம், அவள் எங்கள் எல்லோரையும் ஆன்ட்டி என்கிறாள். முகத்தைத் திருப்பும்போதெல்லாம் உலகம் ஒரு துண்டு தெரிகிறது. இப்போது தெரிந்தது ஜெனிஃபரின் பாதம், கரையோரமாக என்னோடு நடந்து வருகிறாள், கையில் நீளக் கம்பு, தேவைப்பட்டால் நீட்டுவாளாம். அடுத்த துண்டில் வேப்பமரத்தின் பாதி. அதற்கடுத்து ஒன்றுமே தெரியவில்லை, நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, புகட்டும். ரஹ்மத் நான் புறப்பட்ட கடைசியில் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருப்பாள். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம், ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டே முதல் வாரம் முழுக்க நின்றோம், தண்ணீரில் அல்ல, படியில். "அக்கா, நீங்க போய்ட்டு வந்து சொல்லுங்க, நல்லாருந்துச்சுன்னா நாளைக்கு நான் போறேன்" என்று இன்று காலையில் சொன்னாள், புதுப்படம் பார்க்கப் போகிறவளிடம் சொல்கிற மாதிரி. சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, சிரித்தால் தண்ணீர் உள்ளே போகும், போய்விட்டது, குளோரின் நாற்றம் மூக்கின் அடிவரை ஏறுகிறது, துப்பு, எடு, விடு. பரவாயில்லை. போகிறேன்.

கொதிப்பு என்று பேர் வைத்தவர் யாரோ பார்த்துத்தான் வைத்திருக்கிறார், ரத்தக் கொதிப்பு, பிரஷர் என்று சொன்னால் ஏதோ குக்கர் சமாச்சாரம் மாதிரி இருக்கிறது, கொதிப்பு என்றால்தான் எனக்குப் பொருத்தம், பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஊராரின் கொதிப்பையெல்லாம் காதால் வாங்கியவள் நான். மழை வந்தால் போன், காற்றடித்தால் போன், மாவு ஆட்டுகிற நேரத்தில் கரண்ட் போனால் போன், கிரிக்கெட் நடக்கும்போது போய்விட்டால் கேட்கவே வேண்டாம். நானா போய் ஒவ்வொரு கம்பத்திலும் ஏறி வயரைப் பிடுங்குகிறேன்? அதைத்தான் கேட்பேன், கத்தியே கேட்பேன், எதிர்முனையில் கத்துகிறவரைவிட என் குரல் இரண்டு பங்கு மேலே நிற்கும், அடுத்த அறையிலிருந்து உதவிப் பொறியாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார். அப்படி ஒரு போனை வைத்துவிட்டு எழுந்த நேரத்தில்தான் ஆபீசில் மருத்துவ முகாம், வரிசையில் நின்றேன், நர்சம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள், இறக்கினாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி காற்றடித்தாள். "தலை சுத்துதா மேடம்?" "இல்லையே." "மயக்கம், படபடப்பு ஏதாவது?" "ஒண்ணுமில்ல, பசிக்குது, சீக்கிரம் விட்டீங்கன்னா போய்ச் சாப்பிடுவேன்." அவள் சிரிக்கவில்லை, இன்னொருத்தியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னாள், நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்றுப் பத்து, அந்த எண்ணை அவர்கள் ரகசியம் மாதிரி தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், கையிலிருந்த பட்டையை அவிழ்க்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. டாக்டர் கோமதியிடம் போனபோது அவர் மெதுவாகச் சொன்னார், "இது சொல்லிட்டு வராதும்மா, சும்மா இருக்கிற மாதிரியே இருக்கும், அதுதான் இதுல உள்ள தொந்தரவு." மாத்திரை தினமும், நாமாக நிறுத்தக் கூடாது. உப்பு பாதிக்கும் கீழே. எடை குறைய வேண்டும், தூக்கம் ஒழுங்காக வேண்டும், காப்பி எத்தனை, நாலா, இரண்டாக்குங்கள். கோபத்தைக் குறைங்க என்றார். "அது என் உத்தியோகம் டாக்டர்" என்றேன். அதற்கு மட்டும் சிரித்தார். நடக்கச் சொன்னார், நடந்தேன், மைதானத்தைச் சுற்றிச் சுற்றி, ஒரு மாதத்தில் இரண்டு முட்டியும் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது, அழுகை வந்தது, இதுகூட முடியவில்லையே என்று. அப்போதுதான் கோமதி டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார், "தண்ணில இறங்குங்களேன், முட்டிக்குப் பாரமே தெரியாது." "எனக்கு நீச்சல் தெரியாதே டாக்டர்." "தாமிரபரணி ஊர்ல பிறந்துட்டா?" ஆமாம், தாமிரபரணி ஊரில் பிறந்துவிட்டுத்தான். என் அண்ணன்மார் இருவரும் ஆற்று மண்டபத்து மேலிருந்து குதிப்பார்கள், நான் படியில் நின்று அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், நனையாமல், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அந்தச் சட்டைகளைத் தூக்கித் தண்ணீரில் போட்டிருக்கலாம், இப்போது தோன்றுகிறது, எடு, விடு, கை நீளட்டும், இன்னும் நீளட்டும், ஜெனிஃபர் சொல்வாள், மேல் அலமாரியில் டப்பா எடுக்கிற மாதிரி நீட்டுங்க ஆன்ட்டி என்று, சட்டை, டப்பா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீட்டு.

காலில் உடை வழுக்கிக்கொண்டு போகிறது, மீன் தோல் மாதிரி, இது வாங்கிய கதையை நினைத்தால் மறுபடி சிரிப்பு வரும், வரட்டும், இப்போது மூச்சு வெளியே விடுகிற நேரம்தான், சிரித்துக்கொண்டே விடலாம். நானும் இவரும் போனோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர் செல்லப்பா, பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர், எனக்கு வந்த கொதிப்பு இவருக்கு வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று என் நாத்தனார் சொல்வாள், இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கத்திவிடுகிறேனாம். விளையாட்டுச் சாமான் கடையில் நீச்சல் உடை வேண்டும் என்றதும் கடைக்காரர் அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "பாப்பாவுக்கு என்ன வயசு சார்?" இவர் கொஞ்சம்கூட அசரவில்லை, "ஐம்பத்திரண்டு" என்றார். கடைக்காரர் திரும்பினார், என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு பாவம், மரியாதையாகக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற மாதிரி ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார், கருநீலம், பக்கவாட்டில் ஒரு ரோஸ் கோடு. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன், பீரோக் கண்ணாடியில் யாரோ புதிதாக ஒருத்தி நின்றாள், வயிறும் தொடையுமாக, எனக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை, கோடு மட்டும் நன்றாக இருக்கிறதே என்று பட்டது. கோடு, கோடு, குளத்தின் அடியிலும் ஒரு கோடு போகிறது, கறுப்பாக, அதைப் பார்த்துக்கொண்டே போனால் கோணாமல் போகலாம், நான் கோணலாகத்தான் போகிறேன் போலிருக்கிறது, கயிற்று மிதவை தோளில் இடித்தது, இந்தப் பக்கம் வா உலகு. அவர்தான் உலகு என்று கூப்பிடுவார். உப்பில்லாமல் முதல் வாரம் சமைத்தபோது அவர்தான் சொன்னார், "எனக்குத் தனியா வைக்காத உலகு, ஒரே சட்டி, ஒரே சாப்பாடு." அவியல் வைத்தால் ஆஸ்பத்திரி ருசி, சொதி வைத்தால் வெந்நீர் ருசி, மோர் மிளகாய் கிடையாது, நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று, தட்டைப் பார்த்தாலே எனக்கு யாரிடமாவது சண்டை போட வேண்டும்போல் இருக்கும், அவர் மட்டும் நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார், எனக்கு மனசு உருகியது, இப்படி ஒரு மனுஷனா என்று. பிறகு ஒருநாள் ஸ்கூட்டர் பெட்டிக்குள் மழைக்கோட்டை எடுக்கப் போனால் அதற்கடியில் பொரித்த அப்பளப் பொட்டலம். "இது யாருக்கு?" "பூனைக்கு." "நம்ம வீட்டுல பூனை இல்லையே." "அதான் இன்னும் போடல." அன்று நான் கத்தியிருக்க வேண்டும், பழைய உலகம்மாள் என்றால் தெருவே கேட்டிருக்கும், ஆனால் அடக்கமாட்டாமல் சிரித்து அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன், அவரும் உட்கார்ந்தார், ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அப்பளம், ஆளுக்குப் பாதி என்று அங்கேயே பேசி முடித்தோம். இப்போது அந்தப் பாதி அப்பளத்தை நான் எவ்வளவு நேரம் தின்கிறேன் தெரியுமா, ஓரத்திலிருந்து நுனி நுனியாக. அது மட்டுமா, இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஆபீசில் டப்பாவைத் திறந்து கத்திரிக்காயை வாயில் போட்டேன், எலுமிச்சை பிழிந்து மிளகு தட்டிப் போட்டு வதக்கியது, தித்தித்தது, கத்திரிக்காய்க்குள் ஒரு தித்திப்பு இருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை, உப்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது அத்தனை காலமும், இவருக்குப் போன் பண்ணி, "ஏங்க, கத்திரிக்காய் இனிக்குதுங்க" என்றேன், அவர் பயந்துபோய், "சுகர் பார்த்தியா?" என்று கேட்டார்.

தரை சரிகிறது. இதைத்தான் ஜெனிஃபர் சொல்லியிருந்தாள், பாதி தாண்டினதும் அடித்தரை சரியும், கீழே பார்க்காதீங்க என்று, பார்க்காதே என்றால் கண் வேறு எங்கே போகும், வெளிர் நீலமாக இருந்த டைல்ஸ் சில்லுகள் அடர் நீலமாகி, கறுப்புக் கோடு தூரத்தில் இறங்கிப் போகிறது, இப்போது காலை ஊன்ற நினைத்தால் ஊன்ற இடமில்லை, என் உடம்பு இது வரைக்கும் ஒருநாளும் தரையில்லாத இடத்தில் இருந்ததில்லை, எடு, விடு, காதுக்குள் டும் டும் என்று அடிக்கிறது, பிரஷர், பிரஷர் ஏறுகிறது, வலது கை கனக்கிறது. வலது கை. அப்பாவின் வலது கை. அப்பா பஸ் கண்டக்டர், சங்கரலிங்கம், பின்படியில் நின்று "முன்னால போங்க, முன்னால போங்க" என்று சொன்னால் பஸ் முழுக்க நகரும், அப்படிக் குரல், அந்தக் குரல் எனக்குத்தான் வந்திருக்கிறது என்று அம்மா சொல்வாள். அவருக்கும் இதே கொதிப்பு. தலைவலியே இல்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை என்று தூக்கி வைத்துவிடுவார், தட்டில் கருவாடு இல்லாவிட்டால் எழுந்துவிடுவார். ஐம்பத்து நாலு வயது. மத்தியானம், சாப்பிட உட்கார்ந்திருந்தார், நான்தான் பரிமாறினேன், உருட்டிய சோறு கையில் இருக்கிறது, கை வாய்க்கு வரவில்லை, அவர் தன் கையைப் பார்த்தார், யாரோ ஒருத்தர் கையைத் தன் தட்டுக்குள் வைத்திருப்பது மாதிரி பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், வாய் ஒருபக்கமாக இறங்கியது. அதன்பிறகு நாலு வருஷம். எல்லாச் சொல்லும் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியது, அந்தா. தண்ணீர் வேண்டும் என்றாலும் அந்தா, விளக்கை அணை என்றாலும் அந்தா, அம்மாவைக் கூப்பிடுவதும் அந்தா. என் கல்யாணத்தன்று நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள், இடது கையை என் தலையில் வைத்தார், "அந்தா" என்றார், கண்ணில் தண்ணீர் வழிய, "அந்தா, அந்தா" என்று நிறையச் சொன்னார், எனக்கு ஒவ்வொன்றும் புரிந்தது, இவருக்குக்கூடப் புரிந்தது என்றார் பிறகு. இன்னும் இரண்டு வருஷம்தான் நான் அப்பா வயதுக்கு. கை கனக்கிறது, நிஜமாகக் கனக்கிறதா, பேச்சு இருக்கிறதா, பேசிப் பார், தண்ணீருக்குள் எப்படிப் பேசுவது, மனசுக்குள் சொல், பெயர் உலகம்மாள், சரி, தெருக்கள் சொல், எந்த மின்மாற்றியில் எந்த ஏரியா, சமாதானபுரம், மகாராஜநகர், தியாகராஜநகர், ரகுமத் நகர், அன்புநகர், வரிசையாக வருகிறதே, ஒன்றும் போகவில்லையே, அப்படியானால் ஏன் நெஞ்சு இப்படி இறுகுகிறது, முகத்தைத் திருப்பு, திருப்பினேன், வாயைத் திறந்தேன், காற்று உள்ளே போகவில்லை, இடமில்லை, ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, நிரம்பி விம்முகிறது, அப்போது கரையிலிருந்து ஜெனிஃபர் கத்தியது ஒரு துண்டு உலகத்தோடு சேர்ந்து காதில் விழுந்தது, "மூச்ச விடுங்க ஆன்ட்டி! உள்ளயே வச்சிருக்கீங்க, வெளிய விடுங்க!"

விட்டேன். எவ்வளவு நேரமாக வைத்திருந்தேனோ, நெஞ்சுக்குழியிலிருந்து பெரிய பெரிய குமிழியாகப் புறப்பட்டுக் கன்னத்தை உரசிக்கொண்டு காதோரம் கலகலவென்று மேலே போனது, இன்னும் இருந்தது, விட்டேன், இன்னும், அடியில் தங்கியிருந்ததெல்லாம், போன், கம்பம், மழை, முட்டி, நூற்று எழுபத்தெட்டு, எல்லாம் குமிழி. அப்புறம் முகத்தைத் திருப்பினால் காற்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, குளிர்ச்சியாக, வேப்பம்பூ வாசனையோடு. கை லேசாகிவிட்டது. அது வெறும் கைதான், இழுத்து இழுத்து அலுத்த கை, என் கை, சொன்ன இடத்துக்குப் போகிறது, வருகிறது, வாய்க்குக்கூட வரும் வேண்டுமென்றால், அப்பா, பாருங்கள், வருகிறது. கீழே பார்த்தேன், பார்க்கக்கூடாது என்ற இடத்தையே நன்றாகப் பார்த்தேன், வெயில் தண்ணீருக்குள் இறங்கி அடித்தரையில் வலை வலையாக ஆடிக்கொண்டிருக்கிறது, அதற்கு நடுவில் ஒரு நிழல் கை வீசிக்கொண்டு போகிறது, பெரியதாக, அவசரமே இல்லாமல், யாரது இவ்வளவு அழகாகப் போகிறது என்று ஒரு கணம் நினைத்தேன், நான்தான். எண்பத்தோரு கிலோவாக இருந்தவள், இப்போது எழுபத்து மூன்று, ஆனால் இந்த நிமிஷத்தில் எடை என்று ஒன்றுமே இல்லை, தண்ணீர் என்னை வைத்துக்கொண்டிருக்கிறது, யார் கேட்டாலும் தரமாட்டேன் என்கிற மாதிரி. போன வாரம் கோமதி டாக்டர் கையில் பட்டையைச் சுற்றுமுன் ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன், அளந்தார், நூற்று இருபத்தாறு, கீழே எண்பது, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், "என்ன பண்ணுனீங்க?" என்றார். "மிதந்தேன் டாக்டர்." மாத்திரையில் பாதியைக் குறைத்து எழுதினார், பாதி இருக்கட்டும், இதையும் விட்டுவிடாதீர்கள், அடுத்த மாதம் வந்து காட்டுங்கள் என்றார், ஆழத்துக்குப் போகலாமா என்று கேட்டேன், "பக்கத்துல ஆள் இருந்தா தாராளமா" என்றார். வெளியே வந்து இவரிடம் சொன்னதும் இவர் நடுரோட்டில், ஆட்டோக்காரர்கள் எல்லாம் பார்க்க, என் கையைப் பிடித்துக் குலுக்கினார், இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் முதல்முறையாகக் கை குலுக்கியிருக்கிறோம். இன்னும் ஒன்று நினைவுக்கு வருகிறது, தெற்கு பஜார் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வாரம் தவறாமல் போன் பண்ணி என்னோடு சண்டை போடுகிறவர், பெயரே சொல்லமாட்டார், "என்னம்மா, உங்க ஆபீஸ் இருக்கா, செத்துப்போச்சா?" என்று ஆரம்பிப்பார், நானும் விடமாட்டேன், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் நன்றாகக் கத்திவிட்டுத்தான் போனை வைப்போம். போன மாதம் காற்றில் கம்பி அறுந்த அன்று அவர் கத்தத் தொடங்கியதும் நான் நீச்சலில் பழகிய மாதிரியே மெதுவாக மூச்சை விட்டேன், முழுக்க விட்டேன், பிறகு சொன்னேன், "கஷ்டமாத்தான் இருக்கும் சார், ஆள் போயிருக்காங்க, ஒரு மணி நேரத்துல சரியாயிரும், சரியானதும் நானே உங்களுக்குப் போன் பண்ணுதேன்." அவர் கத்துவதை விட்டுவிட்டு, "ஏம்மா, உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையா?" என்று கேட்டார், பதறிப்போய்க் கேட்டார், "லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா, கரண்ட் எப்ப வந்தா என்ன?" அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் உதவிப் பொறியாளர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். விடு, எடு, கை, கால், உலகம் ஒரு துண்டு, ஜெனிஃபர் இப்போது கம்பைத் தோளில் சாத்திவிட்டாள், கையை வீசிக்கொண்டு நடக்கிறாள், அவளும் சிரிக்கிறாள், பல் தெரிகிறது, அடுத்த துண்டில் வானம், அடுத்ததில் ஒரு காக்கா.

எதிலோ விரல் இடித்தது. நகம் வலிக்கிற அளவுக்கு இடித்தது. என்னவென்று புரியாமல் இன்னொரு கையையும் போட்டேன், வழவழப்பாக, உறுதியாக, அசையாமல், சுவர், மறுபக்கத்துச் சுவர். தலையைத் தூக்கியதும் எல்லாச் சத்தமும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது, கைதட்டல், விசில், ரஹ்மத் தூரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துக் குதித்து "அக்கா, அக்கா" என்று என்னமோ கத்துகிறாள், இங்கே ஒன்றும் விளங்கவில்லை, ஜெனிஃபர் குனிந்து என் தொப்பியின்மேல் தட்டி, "ஆன்ட்டி, வந்துட்டீங்க, பாத்தீங்களா, எங்க வந்து நிக்கீங்கன்னு பாருங்க" என்றாள், நான் நிற்கவில்லை, எனக்குக் கீழே ஆள் ஆழத்துக்குத் தண்ணீர், ஆனால் நிற்கிற மாதிரியேதான் இருந்தது. மூச்சு வாங்கியது, வாங்கட்டும், உடம்பு முழுக்க அடித்துக்கொள்கிறது, சந்தோஷத்தில் அடித்துக்கொள்வதற்கு வேறு சத்தம் போலிருக்கிறது, கேட்டுக்கொண்டே சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பார்த்தேன், என் முகத்துக்கு நேரே, கரையில், இரண்டு கால்கள் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தன, மெட்டி, மஞ்சள் பூசிய பாதம், சேலையைக் கணுக்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், இதுவரை இங்கே பார்த்ததில்லை, மடியில் துணிப்பை, அதன் வாயில் புது உடையின் விலைச்சீட்டு எட்டிப் பார்த்தது. இன்றைக்குத்தான் சேர்ந்திருக்கிறாள், எது ஆழம் எது மேடு என்று தெரியாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், அங்கிருந்து நான் வந்தது முழுவதையும் பார்த்திருக்கிறாள் என்று அவள் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. "எனக்குப் பிரஷரு, அக்கா" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே, மெல்லிய குரலில், தப்பு செய்தவள் மாதிரி. "டாக்டர் போகச் சொன்னாங்க. இங்க பாத்தா கால் நடுங்குது. ரொம்பப் பயமா இருக்குமோ?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது, சிரிப்பு வந்தது, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் தலையை ஆட்டினேன், ஆமாம், இருக்கும் என்று. அவள் முகம் சுருங்கியது. கொஞ்சம் மூச்சு வந்ததும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அவள் முழங்காலில் வைத்தேன், நனைந்த கை, சேலையில் ஈரம் பரவியது, அவள் விலகவில்லை. "இருக்கும்" என்றேன், "நல்லா இருக்கும். இந்தப் பக்கம் இல்லம்மா, அந்தக் கடைசிக்குப் போ, அங்க இடுப்பளவுதான், படியில நிக்கலாம், ரஹ்மத்துன்னு ஒருத்தி குதிச்சிக்கிட்டு இருக்கா பாரு, அவ கையைப் பிடிச்சுக்க. உடுப்ப மாத்திட்டு வா. உன் பேர் என்ன?" "பிரமாச்சி" என்றாள். "ஏணி இந்தா இருக்கு ஆன்ட்டி, ஏறி வாங்க" என்று ஜெனிஃபர் கையை நீட்டினாள். "எதுக்கு மிஸ்?" என்று கேட்டேன், கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, இரண்டு காலையும் மடக்கிச் சுவரில் வைத்தேன், "பிரமாச்சி, நீ நடந்து வா, நான் தண்ணில வாரேன், யாரு முதல்ல போறான்னு பார்ப்போம்."